சத்தமில்லாமல் வாசித்தவன்

"வீட்டுல குழந்தைக்குக் கதை படிச்சுக் காட்டறீங்களா சார்?"

சுகுணா டீச்சர் இப்படிக் கேட்டதும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த ஒரு கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். அதுவரை கேட்டதற்கெல்லாம் நானும் என் மனைவி கமலாவும் மாறி மாறி 'இல்லீங்க' என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவாளா? இல்லீங்க. ஏதாவது வார்த்தை வருமா? இல்லீங்க. அம்மா என்றாவது? கமலா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"தினம் படிக்கிறேங்க. ஒரு நாள் தவறினதில்ல" என்றேன்.

"எங்கே, இப்ப படிங்க. பார்க்கலாம்."

பையிலிருந்து குண்டு யானைப் புத்தகத்தை எடுத்தேன். எங்கள் மகள் செல்விக்கு அப்போது ஐந்தரை வயது இருக்கும். மூலையில் மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தவள், புத்தகத்தைக் கண்டதும் ஓடிவந்து என் முழங்காலுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். துணிப்பைக்குள் போட்ட காது மிஷின் பெட்டி அவள் நெஞ்சில் தொங்கிக்கொண்டிருந்தது.

படித்தேன். நன்றாகவே படித்தேன். யானை சந்தைக்குக் கிளம்புகிற இடத்தில் மிடுக்கையும், பூசணிக்காய்க்காரர் நடுங்குகிற இடத்தில் பயத்தையும் முகத்தில் கொண்டுவந்தேன். செல்வி சிரித்தாள். இரண்டு பக்கம் முடித்துப் பெருமையோடு நிமிர்ந்தால், டீச்சர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"சார், கொஞ்சம் சத்தமாப் படிங்க."

"சத்தமாத்தானேங்க படிச்சேன்?"

"இல்ல சார். வாய் மட்டும்தான் அசைஞ்சது. சத்தமே வரலை."

காது கேளாத பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கும் பள்ளிக்கூடம் அது. மெட்ராஸ் நகரத்துக்குள் இருந்தது. ஆறு வயதுக்குள் சேர்க்க வேண்டும். அதிலும், கொஞ்சமாவது மொழி உள்ளே ஊறியிருக்கிற பிள்ளைக்குத்தான் பேச்சு வகுப்பில் இடம். டீச்சர் முன்னால் செல்வியின் பெயர் எழுதிய படிவம் இருந்தது. பேனா திறந்தே இருந்தது. 'ஒரு வார்த்தையும் இல்லை' என்று எழுதிவிட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே போக வேண்டியதுதான். அடுத்த வருஷம் வந்தால் வயது தாண்டியிருக்கும்.

இந்த இடத்தில் கதையைக் கொஞ்சம் நிறுத்திவைக்கிறேன். நான் ஏன் அப்படிப் படித்தேன் என்று சொல்லாவிட்டால், சென்ற வாரம் இதே பகுதியில் நான் எழுதிய கேன்டீன் சண்டையைப் படித்தவர்கள் 'இவனுக்கு அப்பவே கழன்றுவிட்டது' என்று முடிவு கட்டிவிடுவீர்கள். இதை எழுதுவதற்குச் செல்வியிடம் அனுமதி கேட்டேன். "உன்னைத் திட்டி எழுதிக்கோ நைனா, என்னைப் புகழ்ந்து எழுதாதே" என்று சொல்லிவிட்டாள். முதல் பாதி எனக்குச் சுலபம்.

சங்குக்கு எழாத பிள்ளை

ஆவடிக்கும் முத்தாபுதுப்பேட்டைக்கும் நடுவே, ஒரே கூரையின் கீழ் ஆறு குடும்பம் இருந்த லைன் வீட்டில் குடியிருந்தோம். நான் வேலை பார்த்த தொழிற்சாலையின் சங்கு ஊதினால் லைன் வீட்டுச் சுவரில் மாட்டிய கண்ணாடி அதிரும். தூங்குகிற கைக்குழந்தைகள் எல்லாம் ஒன்றாக வீறிடும். தாய்மார்கள் சங்கு ஊதுகிறவனின் பரம்பரையையே திட்டுவார்கள்.

எங்கள் பிள்ளை மட்டும் அசையாது. தூளியில் கையை விரித்துத் தூங்கிக்கொண்டிருக்கும்.

அதை வைத்து நான் அடித்துக்கொண்ட பெருமை கொஞ்சநஞ்சமில்லை. "எம் பொண்ணு தைரியசாலி. இடியே விழட்டும், எழுந்திருக்க மாட்டா" என்று நான் வேலை செய்த ஷாப்பில் போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னேன். கமலாதான் முதலில் சந்தேகப்பட்டாள். ஒரு நாள் செல்விக்குப் பின்னால் நின்று பித்தளைத் தட்டைக் கரண்டியால் தட்டினாள். பிள்ளை திரும்பவில்லை. இன்னொரு தட்டை எடுத்து இரண்டையும் மோதினாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். செல்வி மண்ணில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். நான் ஷிப்ட் முடிந்து வந்தபோது கமலா அந்தத் தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். அன்று வீட்டில் சமையல் இல்லை.

டாக்டர் நல்லவர். பெரிய சத்தங்கள் கொஞ்சம் கேட்கும், முழுக்கப் போய்விடவில்லை என்றார். மிஷின் ஏற்பாடு செய்துகொடுத்தார். ஒரு தீப்பெட்டிக் கட்டின் அளவில் பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒரு ஒயர். "இதை மாட்டிவிட்டுச் சும்மா இருக்காதீங்க. நிறையப் பேசுங்க. பக்கத்துல உட்கார்ந்து சத்தமாப் புத்தகம் படிச்சுக் காட்டுங்க" என்று கமலாவைப் பார்த்துச் சொன்னார்.

கமலாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். நான் எட்டாம் வகுப்பு. வெள்ளானூரில் கூலிக்கு ஏர் ஓட்டிய எங்கப்பாவின் பிள்ளைகளில் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடிக்காதவன் நான் ஒருவன்தான். ஆகவே படிக்கிற வேலை எனக்கு வந்தது.

பிரஸ் ஷாப் பாஷை

எனக்குப் பிரஸ் ஷாப்பில் வேலை. தகட்டை அச்சில் வைத்து அடிக்கிற மிஷின்கள், ஒரு வரிசைக்குப் பன்னிரண்டு. ஒன்று இறங்கும், ஒன்று ஏறும். எட்டு மணி நேரமும் தரை உதறும். அங்கே தொண்டையைத் திறந்து கத்துகிறவன் புதிதாக வந்தவன் என்று அர்த்தம். பழையவர்கள் யாரும் குரலை வீணாக்க மாட்டோம். வாயை அகலமாகத் திறந்து, உதட்டை நன்றாக வளைத்து, புருவத்தையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு பேசுவோம். நாற்பதடி தள்ளி நிற்கிறவன் படித்துக்கொள்வான். போர்மேன் முதுகுக்குப் பின்னாலேயே அவரைப் பற்றி முழு நீளக் கதை பேசி முடித்துவிடுவோம். அவர் திரும்பும்போது எல்லாரும் வேலையில் இருப்போம்.

எனக்கு எதிர் மிஷினில் காதர் பாய். பூந்தமல்லிக்காரர். இந்தப் பாஷையில் அவரை அடிக்க ஆள் கிடையாது. அவர் தங்கை கல்யாணத்தில் பேண்டு வாத்தியம் காதைப் பிளந்துகொண்டிருந்தது. நான் வாசலில், அவர் பந்தியில். அங்கிருந்தே வாயசைத்தார்: "மாமே, மூணாவது பிரியாணி தேக்ஸாவுல கறி ஜாஸ்தி. அது தொறக்கச் சொல்லோ உக்காரு." பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை வீட்டார் அவருக்கு ஏதோ வலிப்பு என்று பயந்து தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிடும். கமலா சலித்துக்கொள்வாள். "இன்னாத்துக்குய்யா வாயை மென்னுகினு கீறே? எதுனா வோணும்னா வாயத் தொறந்து கேளு."

கதவுக்கு வெளியே கேட்டது

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பழைய புத்தகம் விற்பவரிடம் குண்டு யானைப் புத்தகம் கிடைத்தது. படங்கள் பெரிது. கடைசித் தாள் இல்லை. யானை சந்தைக்குள் நுழைந்து பூசணிக்காயைப் பார்க்கிறது, அத்தோடு சரி. அதற்குப் பிறகு என்ன ஆனது என்று கடைக்காரருக்கும் தெரியவில்லை. முடிவை நானே சொல்லிக்கொள்ளலாம் என்று வாங்கி வந்தேன்.

முதல் நான்கு நாள் டாக்டர் சொன்னபடியே சத்தமாகப் படித்தேன். முதல் ஷிப்ட் முடிந்து வந்து, குளித்து, மாலை வெயிலில் கதவோரம் உட்கார்ந்து படித்தேன். லைன் வீட்டுப் பிள்ளைகள் கதவில் குவிந்துவிட்டார்கள். ஐந்தாம் நாள், தெருவில் போன ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "இன்னாடா கூத்து இது? செவிட்டுக் கொயந்தைக்குக் கதை படிக்கிறான் பாரு."

இருவரும் சிரித்தார்கள். அவ்வளவுதான். அவர்கள் யாரென்றுகூட எனக்குத் தெரியாது.

மறுநாள் கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ந்த குரலில் படித்தேன். அதற்கடுத்த வாரம் இன்னும் தாழ்த்தினேன். பிறகு ஒரு நாள், ஷாப்பில் பேசுவதுபோலப் படித்துப் பார்த்தேன். செல்வியின் கண் என் வாயைவிட்டு நகரவில்லை. சரியான இடத்தில் சிரித்தாள். சத்தமாகப் படித்தபோதுகூட இப்படிச் சிரித்ததில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டருக்குத் தெரியாததை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்றே நினைத்தேன். சத்தத்துக்கே வேலை இல்லை என்பதால், பேட்டரி வீணாகாமல் இருக்கட்டும் என்று படிக்கும் நேரத்தில் மிஷினையும் அணைத்து வைத்தேன்.

"டாக்டரு சத்தமாப் படிக்கச் சொன்னாரே" என்றாள் கமலா.

"அதுக்குத்தான் புரியுதே, அப்புறம் இன்னா?"

"புரியறது வேறய்யா. சத்தம் காதுல வியணும்ல?"

"நீ படிச்சியா, நான் படிச்சேனா?" என்று கேட்டு அவள் வாயை அடைத்தேன். உண்மை என்னவென்றால், அது கண்டுபிடிப்பும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. எனக்கு வெட்கம். என் பிள்ளைக்குக் காது கேட்காது என்று தெருவுக்குத் தெரிவதில் வெட்கம். அதற்கு ஷாப் பழக்கம் வசதியாகக் கைகொடுத்தது. ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடிற்று. கடைசியில் என் குரல் வெளியே வருகிறதா இல்லையா என்பதே எனக்குத் தெரியாமல் போய்விட்டது. மண்டைக்குள் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

அந்த நாட்களில்தான் செல்வி வாயை அசைக்கத் தொடங்கினாள். சும்மா இருக்கும்போதெல்லாம் உதடு ஓடிக்கொண்டே இருக்கும். சாப்பிடாமலே மெல்கிறது என்று அண்டை வீட்டார் சொன்னார்கள். கெட்ட பழக்கமாக ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து, கமலா இரண்டு விரலால் அந்த வாயில் தட்டுவாள். "கொரங்கு சேஷ்டை பண்ணாதே."

ரம்ஜானுக்குச் சேமியா கொண்டுவந்த காதர் பாய், செல்வியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"மாமே, உம் பொண்ணு என்னைப் பாத்து யாருன்னு கேக்குது."

"அட போ பாய். நான் பேசறதைப் பாத்து அதுவும் நடிக்குது."

"நடிக்கிற மாரி தெர்ல. எதுக்கும் பேச்சு சொல்லித் தர்ற இஸ்கோலுக்கு ஒருவாட்டி இட்டுகினு போ. லேட் பண்ணாதே" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வழி விசாரித்துச் சொன்னதும் அவர்தான்.

டீச்சர் பேனாவை வைத்தார்

இப்போது அந்த அறைக்குத் திரும்பிவிடலாம்.

சத்தம் வரவில்லை என்று டீச்சர் சொன்னதும், எனக்கு முன்னால் கமலா வெடித்தாள். "நான் அன்னிக்கே சொன்னேங்க. இந்த ஆளு கேக்கல. ஷாப்ல பேசற மாரியே கொயந்தைக்கும் படிச்சிகினு இருந்தாரு. மிஷினைக்கூட அணைச்சிடுவாரு." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். தெருவில் இருவர் சிரித்ததைக்கூட மறைக்காமல் சொன்னேன். டீச்சர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். படிக்கிற சத்தம் காதில் விழாமல் ஒரு வருஷத்துக்கு மேல் போய்விட்டது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. பேனா படிவத்துக்குப் போனது.

அந்த நேரத்தில் செல்வி, கதை பாதியில் நின்றுவிட்ட எரிச்சலில், என் மடியிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டாள். கடைசியாக மிஞ்சியிருந்த பக்கத்தைத் திறந்து, டீச்சரின் முழங்காலில் வைத்து, அவர் முகத்தைப் பார்த்து உதட்டை அசைத்தாள். வழக்கமான சேஷ்டை. பள்ளிக்கூடத்திலுமா என்று கமலா கையை ஓங்கினாள்.

டீச்சர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "இருங்க" என்றார். பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டுக் குனிந்து, குழந்தையின் வாய்க்கு நேராக முகத்தைக் கொண்டுபோனார். பிறகு கேட்டார்.

"சார், இந்தக் கதை எப்படி முடியும்?"

"கடைசித் தாள் இல்லீங்க. நான் தினம் ஒரு முடிவு சொல்வேன். யானை ராஜா ஆயிடும். இல்லேன்னா ஏரோப்ளேன்ல ஏறி முத்தாபுதுப்பேட்டைக்கு வந்து இறங்கும்."

"சந்தையில தொலைஞ்சு போகிற மாதிரி சொல்லியிருக்கீங்களா?"

"இல்லீங்களே."

"அப்ப உங்க பொண்ணைப் பாருங்க. நல்லாப் பாருங்க சார். உங்களுக்குத்தான் வாயைப் படிக்கத் தெரியுமே."

நாற்பதடி தூரத்தில் காதர் பாய் வாயில் இருக்கிற வெற்றிலைச் சிவப்பைத் தாண்டி அவர் சொல்வதைப் படிக்கிறவன் நான். என் மகளின் வாயை அன்றுவரை ஒரு தடவைகூடப் படித்துப் பார்த்ததில்லை. படிக்கும்போது என் கண் புத்தகத்தில் இருக்கும். நிமிர்ந்தால், அவளுக்குப் புரிகிறதா என்று அவள் கண்ணைப் பார்ப்பேன். பேசாத பிள்ளை என்று டாக்டர் சீட்டில் எழுதியிருந்தது. அந்த வாயிலிருந்து ஏதாவது வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பார்த்தேன். முன்பற்கள் இரண்டு விழுந்த சின்ன வாய். முதல் தடவை எதுவும் பிடிபடவில்லை. அவள் திரும்பச் சொன்னாள்.

ஆன தொலஞ்சி போச்சி. அளுதுச்சி. நைனா வந்துச்சி. ஊட்டுக்கு இட்டுகினு போச்சி. பூசணிக்கா துன்னுச்சி.

என் மகள் பேசிக்கொண்டிருந்தாள். எத்தனை மாதமாகவோ பேசிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டுப் பேச்சையே பேசிக்கொண்டிருந்தாள். பேச்சென்றால் இப்படித்தான், வாயை மட்டும் அசைப்பது என்று நான் காட்டிக்கொடுத்ததை அப்படியே கற்றுக்கொண்டு, குரல் இல்லாமல் பேசிக்கொண்டிருந்தாள். பதில் சொல்லத்தான் ஆளில்லை.

செல்வி சொன்னதைக் கமலாவுக்கு நான் சத்தமாகச் சொன்னேன். அவள் செல்வியைக் கட்டிக்கொண்டு, "இந்த வாய் மேலயா அடிச்சேன், இந்த வாய் மேலயா அடிச்சேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றேன். தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிவைத்ததுபோல் இருந்தது.

டீச்சர் என்னைத் திரும்ப உட்காரவைத்தார். நான் வழக்கம்போல அணைத்துவைத்திருந்த மிஷினைப் போட்டார். செல்வியின் கையை எடுத்து என் தொண்டையில் வைத்தார். "இப்ப படிங்க. தெருவுக்கே கேக்கணும்."

வாயைத் திறந்தேன். குரல் உடைந்து கரகரவென்று வந்தது. 'ஒரு ஊரில்' என்பதற்குள் இரண்டு முறை நின்றேன். செல்வி கையை வெடுக்கென்று எடுத்து என் தொண்டையைப் பார்த்தாள். திரும்ப வைத்தாள். பிறகு இன்னொரு கையைத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. அப்புறம் கட்டையாக, நீளமாக, ஒரு 'ஆ' வந்தது. அவளே பயந்துபோய் கமலாவின் மடியில் ஒளிந்துகொண்டாள்.

"வார்த்தை இருக்கு. குரலைச் சேர்த்துக் கொடுக்க வேண்டியது எங்க வேலை. நாளாகும், அவசரப்படக் கூடாது" என்றார் டீச்சர். படிவத்தில் ஏதோ எழுதினார். நான் எட்டிப் பார்க்கத் துணியவில்லை. "திங்கட்கிழமை கூட்டிட்டு வந்துடுங்க. நீங்க படிக்கிறதை நிறுத்தாதீங்க சார். இனிமே கதவைச் சாத்த வேண்டாம்."

மதிய வண்டி

சென்ட்ரலில் மதிய லோக்கல் பிடித்தோம். கமலா என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். பேசின் பிரிட்ஜ் வரை திட்டினாள், பெரம்பூர் வரை திட்டினாள். அவள் திட்டத் திட்ட எனக்குப் பசி எடுத்தது. காலையிலிருந்து இரண்டு பேரும் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. வில்லிவாக்கத்தில் வேர்க்கடலை வாங்கிக் கொடுத்ததும் திட்டு நின்றது.

செல்வி பையைத் துழாவிப் புத்தகத்தை எடுத்து என் கையில் திணித்தாள். பெட்டி நிறைய ஜனம். ஷிப்டுக்குப் போகிறவர்கள், கூடைக்காரப் பெண்கள், அரைநாள் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள். நான் கமலாவைப் பார்த்தேன். அவள் கடலையை உரித்துக்கொண்டு, "இன்னா பாக்கறே? படி" என்றாள்.

படித்தேன். எஞ்சின் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டுமே, அடிவயிற்றிலிருந்து படித்தேன். செல்வியின் கை என் தொண்டையில். எதிர் இருக்கையில் ஒருவர் பத்திரிகையை இறக்கிவிட்டு, "யோவ், இன்னாய்யா இப்படிக் கத்தறே?" என்றார்.

"எம் பொண்ணுக்குக் காது கேக்காதுங்க. அதான் சத்தமாப் படிக்கிறேன்."

இதை வெளியாளிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. பெட்டியில் யாரும் சிரிக்கவில்லை. அவர், "ஓ, சரி சரி, படி" என்று காலை மடக்கி இடம்விட்டார். கீரைக்கூடையோடு தரையில் உட்கார்ந்திருந்த அம்மா, நான் கடைசிப் பக்கத்தில் நின்றதும் விடவில்லை.

"அப்பால ஆனை இன்னா ஆச்சு?"

"எனக்குத் தெரியாதும்மா. இதோ, இவளைத்தான் கேக்கணும்" என்றேன்.

அந்த அம்மா செல்வியின் தாடையைத் தொட்டுத் தன் பக்கம் திருப்பி, "சொல்லு கண்ணு, ஆனை இன்னா பண்ணிச்சு?" என்று கேட்டார். செல்வி அவர் வாயைப் பார்த்தாள். ஒரு நொடி யோசித்தாள். உதடு அசையத் தொடங்கியது. நான் அவள் வாயைப் பார்த்தபடியே, அவள் சொல்வதைச் சொல்லுக்குச் சொல் பெட்டிக்கே கேட்கும்படி சொன்னேன். ஆனை ரயில்ல ஏறிச்சி. டிக்கெட்டு வாங்கல. கடலை துன்னுச்சி.

பெட்டியே சிரித்தது. செல்வி சுற்றிலும் திரும்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். தான் சொன்னதற்குத்தான் சிரிக்கிறார்கள் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. "அப்பால?" என்றார் அந்த அம்மா. "அப்பால?" என்றார் பத்திரிகைக்காரர். அவள் சொல்லிக்கொண்டே போனாள். ஆவடியில் இறங்கியபோது எனக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது.